யாருடைய பாடு?

பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கிப் பழவேற்காடு பஸ்ஸில் ஏறியதுமே மீன் வாடை. இருக்கைகளுக்கு அடியில் காலியான அலுமினிய அன்னக்கூடைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. நேற்றைய மீனை விற்றுவிட்டு ஊர் திரும்பும் பெண்களின் கூடைகள் அவை. இன்றைய மீன் எதிரே வந்த பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. "அந்தப் பக்கம் காலை வைக்காதப்பா, கூடைத் தண்ணி சிந்தும்" என்று ஓர் அம்மா தன் கூடையைக் கால்களுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொண்டார். அப்படியும் சிந்தத்தான் செய்தது. பழவேற்காட்டில் இறங்கும்போது என் பேண்ட்டின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

கரைக்குப் போனபோது ஏலம் முடிகிற நேரம். கூறு கட்டி வைத்திருந்த மடவையும் கிழங்கானும் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டன. ஒரு பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நண்டு கட்டிக்கொண்டிருந்தான். களி நண்டு என்பார்கள், பச்சை கலந்த கறுப்பு. கடித்தால் விரல் போய்விடும். பின்பக்கமாக வந்து முதுகைக் கால் கட்டைவிரலால் அழுத்துகிறான். வாயில் கவ்வியிருந்த நரம்புக் கயிறு கொடுக்கைச் சுற்றி இரண்டு வளையம் போய் முதுகுக்குப் பின்னால் முடிச்சாகிறது. நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு நண்டுக்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை. இங்கே உயிரோடு கட்டப்படும் நண்டு சென்னை வழியாக சிங்கப்பூர் வரை விமானத்தில் போகிறது. கட்டுகிற பையனோ பொன்னேரியைத் தாண்டுவது அபூர்வம் என்று சொல்லிச் சிரித்தான்.

பழவேற்காடு ஏரி இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டும்தான் தமிழ்நாட்டுக்கு. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலை மறித்துக் கிடக்கிறது. ராக்கெட் ஏவுகிற நாட்களில் இங்குள்ளவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. இரண்டு மாநிலங்களும் தத்தம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்துள்ளன. ஆந்திரம் 1976இல், தமிழ்நாடு 1980இல். பூநாரை பார்க்க வருகிறவர்கள் குளிர்காலத்தில் வருவார்கள். நான் பார்க்க வந்தது பாடு.

பாடு என்பது இந்த ஏரியின் பழைய சட்டம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்ற மூன்று ஊர்க்காரர்கள் ஏரியில் இறால் நிறைய ஓடுகிற இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். கழிகளை வரிசையாக நட்டு, நீர் கடலை நோக்கி வடிகிற நேரம் பார்த்து வலையைக் கட்டுவார்கள். வடிகிற நீரோடு கடலுக்குத் திரும்பும் இறால் அதில் விழும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. நல்ல இடம் இருக்கிறது, சோப்ளாங்கி இடமும் இருக்கிறது. அதனால் இன்று நீ, நாளை நான். தலைக்கட்டு எண்ணிக் குலுக்கல் போட்டு, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு இதைப் பற்றி ஒரு தனி ஆய்வே வெளியிட்டது.

கோட்டைக்குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், முறை இல்லாத நாளில் ஒருவர் வலை போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"எதுக்குப் போடுவான்?"

"ஆசையில போட்டுட்டான்னு வைங்க, ஐயா."

"ஊரு கேக்கும், தம்பி. அபராதம் கட்டணும். அதைவிட, அவன் பாடு வர்ற அன்னிக்கு அவனை மதிச்சு விடணுமே, அதுக்காகவாவது இவன் மதிப்பான்."

இதைக் கேட்டுவிட்டு மயங்கிவிடவும் கூடாது. பாடு எல்லோருக்குமானது அல்ல. பட்டினவர் சமூகத்தின் மூன்று ஊர்களுக்கு உரிய உரிமை அது. ஏரியைச் சுற்றி வேறு சாதிக்காரர்களும் இருளர்களும் மீன் பிடித்துத்தான் பிழைக்கிறார்கள். அவர்கள் பங்கு கேட்டுத் தகராறு நடந்த வரலாறும் உண்டு. பெண்களின் பெயர் தலைக்கட்டுக் கணக்கில் வராது. அன்று பகலில் இடுப்பளவு தண்ணீரில் இருளப் பெண்கள் நாலைந்து பேர் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஓலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கவ்வியிருந்தார்கள். இரண்டு கையும் சேற்றைத் தடவிக்கொண்டே போகும். இறால் தட்டுப்பட்டால் கை மேலே வரும், பறிக்குள் போடும், மறுபடி கீழே போகும். வாயில் பறி இருப்பதால் யாரும் பேசவில்லை. வலையும் இல்லை, படகும் இல்லை, பாடும் இல்லை. தண்ணீரில் ஏதாவது கலந்தால் முதலில் தெரிவது அவர்கள் தோலுக்குத்தான்.

ஆனாலும் பாடு முறையில் ஒன்று இருக்கிறது. இன்று இந்த இடத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட விரல் நீட்டிச் சொல்லும். அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் தெற்கே போனேன்.

பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் வரை ஷேர் ஆட்டோ. 1859 முதல் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவே மணல் திட்டு, அதன்மேல் குப்பங்கள். கூனங்குப்பம், அரங்கன்குப்பம், வைரவன்குப்பம் என்று பெயர்கள். பள்ளிக்கூடத்துச் சுவரிலும் குடிநீர்த் தொட்டியிலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் சின்னமும், சமூகப் பொறுப்பு நிதியில் கட்டப்பட்டது என்ற வாசகமும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு கொடுத்த வரம் அது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொட்டி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வெயிலில் நானும் அதில்தான் தண்ணீர் குடித்தேன். ஆனால் லாபம் வந்த பிறகு எடுத்து வைக்கிற 2 சதவீதம் அது. லாபம் வருகிற வழியில் கரை கரைந்தால் எந்தக் கணக்கில் எழுதுவது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

முதலில் முகத்துவாரம். ஏரியும் கடலும் சந்திக்கிற வாய். இறால் குஞ்சு கடலிலிருந்து இதன் வழியாகத்தான் ஏரிக்குள் வருகிறது, வளர்ந்து இதன் வழியாகத்தான் திரும்புகிறது. மழை பொய்த்த ஆண்டில் ஆரணி ஆற்றில் வெள்ளம் வராது, தள்ளுகிற தண்ணீர் இல்லாததால் மணல் வாயை அடைத்துவிடும். அடைத்தால் ஏரித் தண்ணீர் உப்பேறிக் கொதிக்கும், மீன் சாகும், படகு கடலுக்குப் போகாது. முன்பெல்லாம் ஊர் சேர்ந்து மண்வெட்டியோடு போய் வாயைத் திறந்துவிடுவார்கள். பிறகு ஜேசிபி வந்தது. நிரந்தரமாகத் திறந்தே இருக்க இரு பக்கமும் கல் சுவர் கட்டும் திட்டத்துக்கு அரசு ரூ. 26 கோடிக்கு மேல் ஒதுக்கியது. மீனவர்கள் பல ஆண்டுகள் கேட்டு வாங்கிய திட்டம் அது. கல்லைப் பார்க்கும்போது சந்தோஷப்படத்தான் தோன்றியது. கூடவே சின்னப் பயமும், ஏனென்றால் கடலில் போட்ட கல் என்ன செய்யும் என்பதற்கு இந்தக் கரையில் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி நாள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். குறுக்கே கல் சுவர் நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை பசியோடு கிடக்கும். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் எழும்பியதும் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கரை கடலுக்குள் போயிற்று. மெரினாவில் மாங்காய் பத்தை தின்கிற நாமெல்லாம் உட்கார்ந்திருப்பது ஒரு வகையில் வடசென்னைக்காரன் மணலில்தான். நூற்றிருபது ஆண்டுக்கு மேல் அனுபவம் கையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் எண்ணூரில் 2001இல் இன்னொரு துறைமுகம் வந்தது. அதற்கும் சற்று வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கட்டிய துறைமுகம் அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்தது. 2018இல் அதானி குழுமம் அதை வாங்கியது.

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து காட்டுப்பள்ளிக்குக் கடலோரமாக ஒரு சாலை போகிறது. போகிறது என்பதைவிடப் போக முயல்கிறது என்று சொல்லலாம். கருங்காளி அருகே ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். தார் ரோடு பிட்டு வைத்த அடை மாதிரி ஓரம் பிய்ந்து நிற்கிறது. அதற்கு மேல் மணல், மணலுக்கு மேல் சவுக்கு வேர்கள் அந்தரத்தில். பெரிய அலை வரும் நாட்களில் கடல் இந்த இடத்தில் சாலையைத் தாண்டி மறுபக்கத்து உப்பங்கழியைத் தொடும். சரிசெய்வார்கள், மறுபடி உடையும். ஆட்டோக்காரர் இறங்கி பீடி பற்றவைத்துக்கொண்டு, "நான் சின்னப் பையனா இருந்தப்ப அங்க நின்னுதான் வலை இழுப்பாங்கண்ணா" என்று கையைக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் அலை உடைந்துகொண்டிருந்தது.

துறைமுகம் மட்டுமே காரணம் என்று நான் எழுத மாட்டேன். ஆறுகளில் அணை கட்டினோம், மணலை அள்ளினோம், கடலுக்கு வர வேண்டிய மணல் வருவதில்லை. புயல்களும் உண்டு. ஆனால் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுவதற்கு இவ்வளவு காரணங்கள் வசதியாக இருக்கின்றன என்பதும் உண்மை.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்க ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. மதிப்பீடு ரூ. 53,031 கோடி. ஆண்டுக்கு 320 மில்லியன் டன் சரக்கு. அந்த ஏக்கர் கணக்கில் நிலம் மட்டும் இல்லை, மண் கொட்டி நிரப்ப வேண்டிய கடலும் சேர்த்தி. சட்டப்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 2021 ஜனவரி 22 என்று தேதி குறித்தார்கள், கொரோனா காலம், எதிர்ப்பு எழுந்தது, ஒத்திவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி குறித்தார்கள், அதுவும் ஒத்திவைக்கப்பட்டது. குப்பங்களில் இந்த இரண்டு தேதிகளையும் பிள்ளை பிறந்த தேதி மாதிரிச் சொல்கிறார்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது எதிர்ப்பது, ஆளுங்கட்சியான பிறகு ஒத்திவைப்பது என்கிற நம் அரசியல் வழக்கமும் அவர்களுக்குப் பாடம். ஒத்திவைப்பு என்றால் ரத்து இல்லை என்று எனக்கே விளக்கினார்கள்.

சாலை இல்லாததால் திரும்பி வந்து, மறுநாள் மீஞ்சூர் வழியாகச் சுற்றிக்கொண்டு அத்திப்பட்டு, செப்பாக்கம் பக்கம் போனேன். பழவேற்காட்டு மீனவர்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "எண்ணூர் மாதிரி ஆயிடும்" என்று சொன்னார்கள். அதனால் எண்ணூரையும் பார்க்காமல் இந்தக் கட்டுரை முடியாது. இரண்டுக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் ஒரே நீராகத்தான் ஓடுகின்றன.

செப்பாக்கம் வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். காற்று அடித்தால் கண்ணில் விழுவது புழுதி இல்லை, சாம்பல். நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகி ஒழுகிக் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, முட்டளவு ஆழம் கணுக்காலளவு ஆகிவிட்டது என்பது மீனவர்களின் நீண்ட காலப் புகார். பசுமைத் தீர்ப்பாயம் வரை போன புகார். இங்கே விசித்திரம் என்னவென்றால், அந்த மின் நிலையம் எந்தத் தனியார் முதலாளியுடையதும் அல்ல, தமிழ்நாட்டு அரசின் மின்வாரியத்துடையது. அதைக் கண்காணிக்க வேண்டிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதே அரசின் வாரியம். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது இதற்காகவே சொன்னதோ என்னவோ. கம்பெனிகளை மட்டும் திட்டிக்கொண்டிருப்பவர்கள் செப்பாக்கத்துக்கு ஒருமுறை வர வேண்டும்.

எண்ணெய்யும் அப்படித்தான். 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கையுறைகூடச் சரியாக இல்லாமல் இளைஞர்கள் வாளியால் அள்ளிய படங்களை நாடே பார்த்தது. ஏறக்குறைய ஏழு ஆண்டு கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் வளாகத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றில் பரவியது. மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம் அது. மறுபடியும் கையால் அள்ளியவர்கள் மீனவர்கள்தான். அரசு ரூ. 8.68 கோடி நிவாரணம் அறிவித்தது. அதில் பாதிக்கப்பட்ட 2,300 குடும்பங்களுக்குத் தலா ரூ. 12,500, 787 படகுகளைச் சரிசெய்யத் தலா ரூ. 10,000. படகில் ஒட்டிய தாரைச் சுரண்டவே அது சரியாகப் போயிற்று என்றார் காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர். அந்தப் பேச்சு அடங்குவதற்குள், அதே டிசம்பர் 26 இரவில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அது தனியார் உரத் தொழிற்சாலையின் குழாய். மாநில அரசு, மத்திய அரசு, தனியார் என்று மூவரும் அந்தச் சின்ன ஆற்றைப் பகிர்ந்துகொள்கிறார்கள். முறை வைக்க ஊர்க்கூட்டம் மட்டும் இல்லை.

சட்டம் இல்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதில் முக்கியமான இரண்டு தமிழ்நாட்டிலிருந்தே போனவை, இரண்டும் ஒரே ஆண்டு. 1996 ஆகஸ்ட்டில் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்டவும் கெட்டதைச் சீர்செய்யவும் வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கின் தீர்ப்பு. அதில் பழவேற்காட்டின் பெயரே இருக்கிறது. சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று நீதிபதிகள் எழுதினார்கள். ஏரியின் பெயரைச் சொல்லி மீட்டர் கணக்கில் காப்பு எழுதிய தீர்ப்பு அது. பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, பண்ணைகளுக்குப் பதிவு முறை வந்தது, தீர்ப்பின் கூர் மழுங்கியது. நான் கோட்டைக்குப்பத்துப் பெரியவரிடம் இந்த 1,000 மீட்டர் விஷயத்தைச் சொன்னேன். "யாரு அளந்தா?" என்று கேட்டார்.

மீண்டும் பழவேற்காட்டுக்கு வந்து, ஊர் திரும்புமுன் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அங்குள்ள டச்சுக் கல்லறைக்குள் போய் உட்கார்ந்தேன். வாசல் தூணில் இரண்டு பக்கமும் கல் எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடம், புல் வெட்டி நேர்த்தியாக இருக்கிறது. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, உலகின் முதல் பெரிய பங்குக் கம்பெனிகளில் ஒன்று, 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. துணி வாங்கியது, வெடிமருந்து செய்தது, ஆட்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது. 1690இல் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டது. கோட்டை இருந்த இடத்தில் இப்போது அகழியும் முள்செடியும்தான். ஆம்ஸ்டர்டாமில் இருந்த பங்குதாரர் எவரும் பழவேற்காட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள், லாபத்தை மட்டும் பார்த்திருப்பார்கள். கம்பெனி என்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. வந்த கம்பெனி ஒருநாள் போய்விடும் என்பதையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். போகும்போது ஏரியை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை.

சாயங்கால பஸ்ஸில் கூடைகள் நிறைந்திருந்தன. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவிடம், அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தால் போவீர்களா என்று கேட்டேன். "வேலை நாள்ல வைப்பாங்க. மீனை யாரு விக்கிறது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனாலும் போவோம்" என்றார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2006ஆம் ஆண்டுச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும், ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் அனுப்பலாம். ஒரு பக்கம் போதும். கூட்டத்துக்குப் போகிற அந்த அம்மா அன்றைய மீனை விற்காமல் போகிறார். நமக்கு ஒரு தபால்தலைதான் செலவு.